அம்மாவின் கன்னத்துத் தனக்கா

அம்மாவைத் தைல வண்ணத்தில் வரைந்துகொண்டிருக்கிறேன். வயது 78. யாங்கோனில் பிறந்தவர், பேரமெல்லாம் பர்மியத்தில், திட்டு மட்டும் தமிழில். காலையில் குளித்ததும் நெற்றியில் விபூதி, குங்குமம், கன்னத்தில் தனக்கா என்கிற பர்மிய மரப்பட்டைச் சாந்து. அது இல்லாமல் எனக்கு முன்னால் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். "வெறும் மூஞ்சியையா சுவத்துல மாட்டப் போற?"

சரி, தனக்காவோடு வரையலாம் என்றால் அது லேசில் பிடிபடாது. கல்லில் தண்ணீர் விட்டுக் கட்டையை உரைத்துப் பூசும்போது ஈரமாக, ஏறக்குறைய நிறமே இல்லாமல் இருக்கும். காயக் காயத்தான் மஞ்சள் வெளிறி மேலே வரும். இளசுகளின் கன்னத்தில் ஒரே பரப்பாக நிற்கும். அம்மாவுக்கு அப்படியில்லை. வாய்திறந்து இரண்டு வார்த்தை பேசினால் போதும், கடைக்கண் ஓரத்திலும் வாயோரத்திலும் பிளந்து உதிர்கிறது. அடியிலிருக்கும் மாநிறம் கோடு கோடாகத் தெரிகிறது. சுருக்கத்தை வரையும் வேலையைத் தனக்காவே பார்த்துக்கொள்கிறது! அதனால் முதலில் தோலை முடித்தேன்: மஞ்சள் காவி, செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா, நிழலுக்குக் கொஞ்சம் அல்ட்ராமரின் நீலம். மழைக்காலம் என்பதால் அது காய்வதற்குள் பொறுமை போய்விட்டது. அப்புறம் வெள்ளையில் துளி காவி கலந்து, தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மேலாகத் தேய்த்தேன். சுருக்கத்தின் பள்ளத்தில் வண்ணம் இறங்காமல் மேட்டில் மட்டும் ஒட்ட வேண்டும்.

கண்ணில் கருவிழியைச் சுற்றிச் சாம்பல் வளையம் விழுந்திருக்கிறது. வயதானால் கொழுப்பு படிந்து வருவது அது. அடையாள அட்டைக்குப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார். படத்தில் இருப்பது யாரோ ஒரு அம்மாள். போட்டோவைப் பார்த்து வரைவதில் எனக்கு நம்பிக்கை போனது அந்தப் படத்தால்தான்.

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514இல் தன் தாயைக் கரியால் வரைந்தார். 63 வயது, 18 பிள்ளை பெற்ற உடம்பு. கழுத்து நரம்பு, நெற்றி மடிப்பு, துருத்திய கன்ன எலும்பு, எதையும் விடவில்லை. சில வாரங்களில் அந்த அம்மாள் இறந்துபோக, அதையும் படத்திலேயே மையால் எழுதிவைத்தார். மகன் இவ்வளவு இரக்கமில்லாமல் வரையலாமா என்று ஒரு காலத்தில் எனக்குத் தோன்றியதுண்டு. இப்போது, அவ்வளவு நேரம் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க மனம் வந்த மகன் என்றுதான் தோன்றுகிறது.

நேற்று அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். தோடு இழுத்து நீண்ட காது மடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கழுத்து நரம்பு எதுக்குடா? அதை அழிச்சிடு. மூக்குத்தி தாத்தா போட்டது, மோகோக் சுரங்கத்துச் சிவப்புக்கல். என்னவோ மிளகாய் விதை மாதிரி போட்டிருக்க."

மூக்குத்தியைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டேன். கழுத்தில் கைவைப்பதாக இல்லை.