ஹம் காமாட்சி அம்பாள் தேரும் எங்கள் நல்லூர் நாட்களும்

ஜேர்மனியின் ஹம் நகரத்தில் ஊன்ட்ரொப் என்ற பகுதி தொழிற்சாலைகள் நிறைந்த இடம். பெரிய பெரிய கூடங்களைத் தாண்டிக் கார் திரும்பியதும் 17 மீற்றர் உயரக் கோபுரம் தெரியும். பார்த்தவுடன் கை தானாகக் குவிந்துவிடும். ஸ்ரீ காமாட்சி அம்பாள் 2002இல் இந்தக் கோயிலில் குடியேறினாள். தேர் ஞாயிற்றுக்கிழமையில் வருவதால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக முடிகிறது. பிரான்ஸ், சுவிஸ், ஒல்லாந்து என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம் வந்து நிறையும்.

எங்களுக்குத் தேர் என்றால் அது முதலில் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேர்தான். ஓகஸ்ட் லீவுக்கு அம்மம்மா வீட்டுக்குப் போய்விடுவோம். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடி ஏறும். 25 நாள் திருவிழா. கொடியேற முதலே அம்மம்மா வீடு வாசல் எல்லாம் கழுவி, மீன் சட்டிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொட்டில் மூலையில் கவிழ்த்துவிடுவார். பிறகு கடைசி நாள் தீர்த்தம் முடியும்வரை மீன், இறைச்சி, மச்சம் என்ற பேச்சே இல்லை.

24ஆம் நாள் தேர். விடியப்புறம் நாலு மணிக்கே கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்கும். நல்லூரானுக்கு நேரம் என்றால் நேரம்தான். காலை 7 மணிக்குத் தேர் அசையும், யாருக்காகவும் நிற்காது. வீதி நிறையப் பரப்பிய மணலில் வெறுங்காலோடு நடப்போம். வெயில் ஏறும்வரை அந்த மணல் குளிர்ந்தபடி இருக்கும். சண்முகப் பெருமான் வெளியே வரும்போது எழும் "அரோகரா" நெஞ்சுக்குள் அதிரும். இன்றும் அங்கே அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான். ஏழை, பணக்காரன் எல்லாரும் அதே ஒரு ரூபாயோடுதான் முருகனிடம் போகிறார்கள். கும்பிட்டு முடிந்ததும் கச்சான் (நிலக்கடலை) கடை. வாங்கிய கச்சான் வீடு வந்து சேர்ந்ததே இல்லை.

ஹம்மில் மணல் கிடையாது, தார் வீதி. அந்தத் தாரிலேயே ஆண்கள் உருண்டு பிரதட்டை செய்கிறார்கள், பெண்கள் தேருக்குப் பின்னால் விழுந்து விழுந்து கும்பிட்டு அடியழிக்கிறார்கள். போன முறை எனக்கு முன்னால் ஒரு அம்மா கற்பூரச் சட்டி ஏந்தி நடந்தார். அவருடைய மகனுக்குப் பதினைந்து வயது இருக்கலாம். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சட்டி அணையவிடாமல் பைக்கற்றிலிருந்து கற்பூரத்தை ஒவ்வொரு கட்டியாக இட்டபடியே வந்தான். காற்று அடித்தபோதெல்லாம் தன் உடம்பால் மறைத்தான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் எனக்குக் கண் கலங்கியது.

வருடத்தில் ஒரு நாள் தேர் காட்டிவிட்டால் பிள்ளைக்கு அது வேடிக்கையாகத்தான் நிற்கும் என்பது என் எண்ணம். வீட்டில் விரதம் தொடங்க வேண்டும், நாள் எண்ணிக் காத்திருக்க வேண்டும். ஹம்மில் கொடியேறினால் எங்கள் வீட்டிலும் மச்சம் இல்லை. சின்ன ஃபிளாட் என்றாலும் முதல் நாள் தரை துடைத்து, சுவாமித் தட்டுக்குப் புதுச் சீலை விரிக்கிறோம். அந்த வேலை மகளுடையது. பள்ளியில் சாப்பாடு எடுக்கும்போதும் அவளே பார்த்து எடுக்கிறாள். என் அம்மம்மாவை அவள் கண்டதில்லை. ஆனால் அவருடைய ஒழுங்கு எல்லாம் அவளுக்குத் தெரியும்.

ஹம் தேரில் ஆண்களுக்கு ஒரு வடம், பெண்களுக்கு ஒரு வடம். மகள் முன்வரிசைக்குப் போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தேர் அசைந்தபோது என்னைவிட அவளுடைய அரோகராதான் பெரிதாகக் கேட்டது.

அன்னதானத்தில் சோறும் பருப்பும் சாம்பாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "நல்லூரிலும் இப்படியா வடம் பிடிப்பார்கள்?" என்று கேட்டாள். இந்த வருடம் கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போக ரிக்கற் எடுத்துவிட்டோம். கொடியேற்றத்துக்கு முதலே போய்விடுவோம். 25 நாளும் விரதம் இருப்பேன் என்று அவள் தானாகவே சொல்லியிருக்கிறாள்.