வலிப்பு நின்ற பிறகும் விலகாத சோர்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எங்கள் உறவினரிடையே வலிப்பு நோயைப் பற்றிப் பேச்சு வந்தால், கடைசியாக எப்போது வலிப்பு வந்தது என்று கேட்பதோடு விசாரிப்பு முடிந்துவிடும். என் தம்பியோ, வலிப்பே வராமலிருந்த மாதங்களில்தான் யாரோடும் பேசாமல் அறைக்குள் முடங்கினான். நோயுள்ள பிள்ளைக்குக் கவலை இருக்கத்தானே செய்யும் என்று அம்மா அதை இயல்பாக எடுத்துக்கொண்டார்.

கவலை மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. வலிப்பு நோயுள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது. அது மட்டுமன்றி, மனச்சோர்வு முதலில் வந்தவர்களுக்குப் பின்னாளில் வலிப்பு தோன்றும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். இரண்டுக்கும் மூளையிலேயே பொதுவான வேர்கள் இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுவது இதனால்தான்.

வலிப்புக்குத் தரும் மாத்திரையும் காரணமாகலாம். லெவெட்டிராசெட்டம், டோபிராமேட், பீனோபார்பிட்டல் ஆகியவை சிலருக்கு எரிச்சலையும் சோர்வையும் தருகின்றன. லாமோட்ரிஜின் பெரும்பாலும் மனநிலையைக் கெடுப்பதில்லை. அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பேராபத்து: இடைவிடாத வலிப்பு வந்து உயிரே போகலாம். மருத்துவரிடம் சொன்னால், பழைய மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் புதியதை ஏற்றுவார். தம்பிக்கும் அப்படித்தான் மாற்றினார்கள்.

களைப்பும் தூக்கக் கேடும் வலிப்பு மருந்தாலும் வருவதால், அவற்றை வைத்து மனச்சோர்வை அறிவது கடினம். ஆகவே வலிப்பு நோயாளிகளுக்கென்றே ஆறு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் 2006இல் வெளியிடப்பட்டது. கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் இன்பம் இல்லாமல் இருந்ததா, குற்ற உணர்வு வாட்டியதா, இறந்துவிட்டால் நல்லது என்று தோன்றியதா என்றெல்லாம் அது கேட்கிறது. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க வீட்டார் அஞ்சுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. ஆம் என்று பதில் வந்தால் அன்றே மருத்துவ உதவி தேட வேண்டும்.

மனச்சோர்வு மருந்து வலிப்பைத் தூண்டும் என்ற அச்சமும் எங்களிடம் பரவலாக உண்டு. புப்ரோபியான் போன்ற சிலவற்றுக்கு அது பொருந்தும். செர்ட்ராலின், சிட்டலோப்ராம் ஆகியவற்றை வழக்கமான அளவில் மருத்துவர்கள் தயங்காமல் தருகிறார்கள். சிந்தனைப் போக்கையும் அன்றாடப் பழக்கங்களையும் மாற்ற உதவும் உளவியல் சிகிச்சையும் பயன் தருகிறது.

தைப்பூசக் காவடிக்கு விரதமிருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டினியும், கண்விழிப்பும், தவறவிட்ட மாத்திரையும் வலிப்பை வரவழைக்கக்கூடியவை. ஆனால் நேர்த்திக்கடனை விடச் சொன்னால், ஏற்கெனவே ஒதுங்கி நிற்கும் ஒருவர் தம் கூட்டத்தாரிடமிருந்து இன்னும் விலகிப்போவார். மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கியும், இரவில் தூங்கியும், மருத்துவர் சொல்லும் அளவுக்கு உண்டும் விரதத்தைக் காக்கலாம் என்று கோயில் பெரியவர்களே முன்கூட்டிச் சொன்னால், வீட்டார் சொல்வதைவிட அது எளிதில் ஏறும்.