சர்வீஸ் புக்கில் கும்பகோணம், பயணம் அந்தமானுக்கு

மத்திய அரசு வேலையில் என் விவரமெல்லாம் இருக்கும் சர்வீஸ் புக்கில் ‘சொந்த ஊர்: கும்பகோணம்’ என்று எழுதி இருபத்திரண்டு வருடமாகிறது. சர்வீஸ் முழுக்க ஒரே ஒரு முறைதான் அதை மாற்ற விடுவார்கள். நான் மாற்றவில்லை, வீடுதான் கை மாறிவிட்டது. 2011-இல் விற்றோம். அதற்குப் பிறகும் ஹோம் டவுன் எல்.டி.சி., அதாவது லீவில் சொந்த ஊருக்குப் போய்வர அரசாங்கம் தரும் பயணச் சலுகை, வந்தால் டில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் லாட்ஜ் போட்டு, சாயங்காலம் நடந்துபோய் பழைய வீட்டை எதிர்ச்சாரியில் நின்று பார்த்துவிட்டு வருவோம். வாங்கினவர்கள் திண்ணையை இடித்துவிட்டு ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். அம்மா ஒவ்வொரு தடவையும் அதை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

இந்தத் தடவை அந்தமான் என்றேன்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. நான்கு வருட பிளாக்கில் ஒரு ஹோம் டவுன் பயணத்தை விட்டுக்கொடுத்தால், அதற்குப் பதிலாக வடகிழக்கு மாநிலங்களுக்கோ காஷ்மீருக்கோ அந்தமானுக்கோ போய் வரலாம். என் சம்பள நிலை லெவல் 7. ஆபீஸ் வேலையாக டூரில் போனால் விமானம் உண்டு, எல்.டி.சி. என்றால் டூ டயர் ஏசி ரயில்தான். ஆனால் இந்தச் சலுகையில் அந்தமானுக்கு, சென்னையிலிருந்து விமானத்தில் போக என்னைப் போன்றவர்களுக்கும் அனுமதி இருக்கிறது. ஆக டில்லியிலிருந்து சென்னைக்கு இரண்டு ராத்திரி ரயில், அங்கிருந்து இரண்டே கால் மணி நேரம் விமானம். விமான டிக்கெட்டை பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. இந்த மூன்றில் ஒன்றில்தான் எடுக்க வேண்டும். வேறு எங்கேயாவது மலிவாகக் கிடைத்ததே என்று எடுத்துவிட்டு, பில் பாஸாகாமல் அலைந்தவர்கள் எங்கள் செக்‌ஷனிலேயே இருக்கிறார்கள். ஹோட்டல், சாப்பாடு, ஆட்டோ எல்லாம் கைக்காசு.

என் விண்ணப்பம் ஒரு தடவை திரும்பி வந்தது. நான் ‘போர்ட் பிளேர்’ என்று எழுதியிருந்தேன். 2024 செப்டம்பரிலேயே ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, திருத்தி அனுப்பவும் என்று ஒரு குறிப்பு. திருத்தினேன். அடுத்த மேஜைக்காரர் ‘இது எங்கே இருக்கிறது?’ என்று கேட்டார். பக்கத்தில் போர்ட் பிளேரையும் எழுதின பிறகுதான் ஃபைல் நகர்ந்தது.

மாதத்தை முடிவு செய்வதுதான் பெரிய பாடு. டில்லியில் பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு மே, ஜூனில். தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் இறங்குகிற இடமே அந்தமான்தான். மே மூன்றாவது வாரத்தில் நாம் இங்கே கூலருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அங்கே மழை கொட்டும், கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். அக்டோபர், நவம்பர் என்றால் புயல் பயம். மிச்சம் ஜனவரி முதல் பாதி, மகளுக்குக் குளிர்கால விடுமுறை. அந்த நாட்களில் டில்லியில் மூடுபனி. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஐந்து மணி நேரம் தாமதமானால் கோபப்படக்கூட முடியாது. அதனால் சென்னையில் ஒரு நாளைச் சும்மா விட்டிருக்கிறேன். தங்கை வீடு குரோம்பேட்டையில், விமான நிலையம் பக்கம். ரயில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டால் அவள் கையால் ஒரு வேளை வத்தக்குழம்பு.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு இது: ஜனவரி 1 ராத்திரி ரயில், 4-ஆம் தேதி காலை விமானம், ஐந்து ராத்திரி தீவில், 9-ஆம் தேதி திரும்பி சென்னை. ஐந்தில் இரண்டு ராத்திரி ஹேவ்லாக்கில். அதற்கும் இப்போது ஸ்வராஜ் தீவு என்று பெயர். தீவில் பொழுதை டில்லிக் கணக்கில் போடக்கூடாது. கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் தீவு கிழக்கே வெகுதூரம் தள்ளி இருப்பதால் ஜனவரியில் ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். ராதாநகர் கடற்கரைக்கு மதியமே போய்விட வேண்டும். மத்தியானத் தூக்கம் கிடையாது என்று சொன்னதும் மனைவிக்கு முகம் சுருங்கியது.

பாராட்டாங் சுண்ணாம்புக் குகையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். சாலை வழியாகப் போனால் ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் வரிசையாகப் போகும் வண்டிகளில் நாமும் ஒன்று. நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனாலும் ஜன்னல் வழியாகக் கண் தேடத்தானே செய்யும்? எனக்கு வேண்டாம். அந்த நாளை செல்லுலார் சிறைக்கு வைத்துக்கொண்டேன். ஏழு சிறகுகளோடு கட்டி 1906-இல் முடித்த கட்டடம், இன்று மூன்றுதான் மிச்சம்.

அம்மாவின் குடும்பப் பென்ஷன், என்னைச் சார்ந்தவள் என்று காட்டுவதற்கான வருமான வரம்பைத் தாண்டுவதால் அவள் என் எல்.டி.சி.யில் வரமாட்டாள். அவள் செலவு தனி. “கடலைப் பார்க்க இவ்வளவு செலவாடா? மெரினாவுல இல்லாத தண்ணியா?” என்றாள். அங்கே கடைத்தெருவில் தமிழிலேயே பேசி வாங்கலாம், வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது என்றேன். கிருத்திகை தவறாமல் டில்லி முருகன் கோயிலான மலை மந்திர் படி ஏறுகிறவள், கொஞ்சம் இறங்கி வந்தாள். படகில் குமட்டினால் என்ன செய்வது என்று கேட்டாள். டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கித் தருகிறேன் என்றேன். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

நேற்று ராத்திரி மகளிடம் போனைக் கொடுத்து, எழும்பூரிலிருந்து கும்பகோணம் போகும் உழவன் எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்கச் சொல்லியிருக்கிறாள். “ஒன்பதாம் தேதி நீங்கள்லாம் டில்லிக்குக் கிளம்புங்கோ. நான் பொங்கலுக்குக் கும்பகோணத்துல இருந்துட்டு வரேன். என் பென்ஷன், என் டிக்கெட்டு.”

“எங்கே தங்குவே?” என்றேன்.

“அதே லாட்ஜ்தான்.”

ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன்னால் காலை எட்டு மணிக்குத் திறக்கும். உழவனில் ஒரு லோயர் பெர்த் என்று தாளில் எழுதிக்கொண்டேன். மகள் அதை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றை இரண்டாகத் திருத்திவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்குப் பள்ளி திறப்பது பொங்கலுக்கு அப்புறம்தானாம்.