மழைக்கு முன் ஒரு முழுச் சேர்விஸ்: தலவாக்கலையிலிருந்து

சொந்தக் காருக்கு வருடாந்த லைசன் எடுக்கப் போனால் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்பார்கள். புகைப் பரிசோதனையில் சைலன்சர் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு வெளிவரும் வாயுவை அளக்கிறார்கள். பஸ், லொறிக்குத் தகுதிச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. நம் காருக்கு அது இல்லை. ஆகவே பிரேக்கோ ஸ்டியரிங்கோ என்ன நிலையில் இருக்கிறது என்று நாமே பார்க்காவிட்டால் யாரும் பார்க்கப்போவதில்லை. ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை என்று கித்துல்கலை வரைக்கும் இறங்குகிற பாதையில் ஓடுபவர்களுக்கு இது உயிர்க் காரியம்.

அதனால் தென்மேல் பருவமழை பிடிக்கும் முன், சித்திரை விடுமுறையிலேயே, என் பழைய ஜப்பான் காரை ஒரு நாள் முழுக்கக் கராஜில் போட்டு, பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்ப்பது என் வழக்கம். முதல் நாளே போய், "ஒயில் மட்டுமில்ல அண்ணே, நாலு சில்லும் கழட்டிப் பார்க்கணும்" என்று சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் ஒயிலும் பில்டரும் மாற்றிக் கழுவித் தந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வருகிறவர்களில் பலர் கேட்பது அதைத்தான்.

முன் சில்லுகளில் பெரிதாக ஒன்றுமில்லை. பிரேக் பேட் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும் என்பது பொதுக் கணக்கு. மலைப் பாதையில் நான் அதுவரை காத்திருப்பதில்லை. உள்பக்கப் பேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் நன்றாக இருக்க, பேட்டைத் தள்ளும் பிஸ்டன் இறுகி உள்பக்கம் மட்டும் தேய்ந்து போவதுண்டு.

விஷயம் இருந்தது பின்பக்கத்தில். சில்லோடு சுற்றும் பிரேக் டிரம்மைக் கழற்றினால், அதன் உள்ளே உரசும் லைனிங்கின் தூசி உலர்ந்து உதிர வேண்டும். இடது டிரம்மில் அது ஈரமாகி, கறுப்பாக அப்பிக்கிடந்தது. கராஜ் அண்ணன், லைனிங்கைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை ஸ்குரூ டிரைவர் நுனியால் மெதுவாகத் தூக்கினார். உள்ளே தேங்கியிருந்த பிரேக் ஒயில் ஒரு துளி வழிந்து லைனிங்கின் மேல் விழுந்தது. "பாத்தீங்களா டீச்சர், வெளியே ஒரு சொட்டும் தெரியல" என்றார். காரின் அடியில் கறை இல்லை, பெடலிலும் வித்தியாசம் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஈரச் சாலையில் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கியிருக்கும்.

ஒயில் ஊறிய லைனிங்கைத் துடைத்துப் போட முடியாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றவும் கூடாது. இரண்டு பின்சில்லுக்கும் புது லைனிங், இரண்டு சிலிண்டருக்கும் புது ரப்பர் போட்டோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அந்த வருடங்களில் பழைய காரைக் கட்டிக் காத்த எல்லோரும் ரீகண்டிஷன் பாகங்களுக்குப் பழகிவிட்டோம். கதவு, லைட், ரேடியேட்டர் என்றால் சரி. பிரேக்கின் ரப்பரையும் லைனிங்கையும் மட்டும் பழையதில் தேடாதீர்கள். தூசியைக் காற்றடித்து ஊத விடவும் கூடாது. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைக்கச் சொன்னேன், அண்ணனும் முகம் சுளிக்காமல் செய்தார்.

அடுத்தது பிரேக் ஒயில். போத்தலில் பிளேன்டீ நிறத்துக்கு வந்திருந்தது. நிறத்தை விட வயதுதான் முக்கியம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறியபின் தர அளவே 140 பாகைதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. பெடலை மிதித்தால் குமிழிதான் நசுங்கும், பிரேக் பிடிக்காது, கால் பலகை வரைக்கும் போய்விடும். எங்கள் பக்கத்து மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் இரண்டு வருடத்துக்கு மேல் அதை விட்டுவைக்க எனக்கு மனம் வராது.

மாற்றும்போது பெடலில் உட்கார்ந்தது நான். "அமத்துங்க... அப்படியே புடிங்க... சரி, விடுங்க." ஒவ்வொரு சில்லிலும் ஒயிலை வெளியேற்றும் நிப்பிளில் மாட்டிய தெளிவான குழாயில் முதலில் மங்கலாகவும், பிறகு குமிழிகளோடும், கடைசியில் தண்ணீர் போலத் தெளிவாகவும் வந்தது. பழையது முழுக்க வெளியேறியதை இப்படிக் கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி.

எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் எஞ்சின் தாங்குகிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால், நானுஓயாவிலிருந்து ஏறும்போதே சூட்டு முள் மேலே போகத் தொடங்கும். என்னுடையதில் ரப்பர் கல்லாகிவிட்டிருந்தது. மூடி மலிவான சாமான், மாற்றினோம். எஞ்சின் ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். பீலித் தண்ணீரை ஊற்றி ஓட்டுகிறவர்கள் உள்ளே துருவை வளர்க்கிறார்கள். கூலண்டும் சுத்திகரித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அழிந்துபோயிருந்தது. ஜப்பானில் ஓடியபின் வந்த காரில் மீற்றர் காட்டும் கணக்கை நம்பி, ஒரு லட்சம் கிலோமீற்றர் ஆகவில்லையே என்று இருக்க முடியாது. பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். எப்படியும் அங்கே கை வைப்பதால் தண்ணீர்ப் பம்பையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். அன்றைய செலவில் பெரும்பங்கு இதுதான், ஆனாலும் எனக்கு வருத்தமில்லை.

டயரில் 1.6 மில்லிமீற்றர் பள்ளம் என்பது கடைசி எல்லை. கினிகத்தேனை மழைக்கு அதை நம்பாமல் 3 இருக்கும்போதே மாற்றுகிறேன். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கடையில் புது டயர் என்று தந்தால் அதைப் படித்துப் பாருங்கள். வைப்பர், முன்லைட், கண்ணாடிப் பனியை விரட்டும் ஏசி எல்லாம் அங்கேயே போட்டுப் பார்த்தாயிற்று.

மாலையில் அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வட்டவளைப் பக்கம் இறங்கினேன். பிரேக் சூடாகாமலிருக்க, ஏறும்போது போடுகிற கியரிலேயே இறக்கம்; ஓட்டோ காரென்றால் எல் அல்லது 2, ஹைபிரிட் என்றால் பி. ஆளில்லாத நேர்ப் பாதையில் அழுத்திப் பிடித்தபோது எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. நிறுத்தியதும் அண்ணன் இறங்கி ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் கையைக் காட்டிப் பார்த்தார். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாலும் ஒரே மாதிரி. சில்லு நட்டுகளை நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி இறுக்கிக்கொள்ளச் சொன்னார், இறுக்கியாயிற்று.

மிச்சம், குழியின் அதிர்ச்சியைத் தாங்கும் முன் ஷொக் இரண்டும். இன்னும் கசியவில்லை, ஆனால் குழியில் விழுந்தால் ஒரு தட்டல் சத்தம். ஆவணிக்குள் மாற்றிவிடச் சொல்லியிருக்கிறார். கொழும்பில் பஞ்சிகாவத்தை வாகனப் பாகக் கடைகளில் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.