மார்புப் பகுதியை அறுத்துப் படித்த நாள்கள்

முதலாமாண்டு மருத்துவப் படிப்பில் எங்களுக்குக் கிடைத்த முதல் பகுதி மார்பின் முன்புறம்தான். கையை உடலோடு பிணைக்கும் தசைகள் சில மார்பிலிருந்தே புறப்படுவதால், கையைப் படிப்பவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குவார்கள். எங்கள் மேசையில் இருந்தவர் தம் உடலைத் தானமாகத் தந்திருந்த ஒரு மூதாட்டி. உடலைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் நெடியில் எல்லோருக்கும் கண்ணீர் வழிந்ததால், அன்று உண்மையாகவே கலங்கியவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போனது.

கழுத்துக்குழியிலிருந்து மார்பெலும்பின் அடிநுனி வரை ஒரு கீறல், காறையெலும்பை ஒட்டி ஒன்று, கீழே அக்குளை நோக்கிச் சாய்வாக ஒன்று, முலைக்காம்பைச் சுற்றி வட்டமாக ஒன்று. தோலை விலக்கியதும் எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. பால் சுரக்கும் 15 முதல் 20 மடல்கள் சக்கரத்தின் ஆரங்களைப் போல முலைக்காம்பில் கூடும் படத்தை மனப்பாடம் செய்திருந்த என் கண்ணில் பட்டதெல்லாம் மஞ்சள் கொழுப்புதான். மாதவிடாய் நின்ற பிறகு சுரப்பித் திசு சுருங்கி அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும் என்று வகுப்பில் கேட்டதை, அதைக் கையில் எடுத்த பிறகே நம்பினேன். அந்தக் கொழுப்புக்குள் வெண்ணிற நார்கள் விரலில் தட்டுப்பட்டன. அவை மார்பகத்தைத் தோலோடு பிணைக்கும் கூப்பரின் தாங்குநார்கள். புற்றுக்கட்டி இவற்றைச் சுருக்கி இழுக்கும்போதுதான் மேலே தோலில் குழி விழுகிறது.

மார்பகத்தின் அடிப்பகுதி 2ஆம் விலாவிலிருந்து 6ஆம் விலா வரை பரவியிருக்கிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு பெக்டோராலிஸ் மேஜர் என்ற பெரிய மார்புத் தசையின் உறைமேல் அமர்ந்திருக்கிறது. அந்த உறைக்கும் மார்பகத்துக்கும் இடையே விரலை நுழைக்கச் சொன்னார் பேராசிரியர். விரல் பெரிய தடையின்றிச் சென்றது. "உயிருள்ளவரிடம் மார்பகம் தசைமேல் நகராமல் ஒட்டிக்கொண்டிருந்தால்?" என்று கேட்டார். கட்டி அந்த இடைவெளியைக் கடந்து தசையைப் பற்றியிருக்கலாம் என்பது விடை. 1894இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் விவரித்த மார்பகப் புற்று அறுவையில் இந்தத் தசையையும் சேர்த்தே அகற்றினார்கள் என்று பேராசிரியர் சொன்னபோது, என் உள்ளங்கையைவிடப் பெரிதாக விரிந்து கிடந்த அந்தத் தசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

தவறு நேர்ந்தது அடுத்த வாரத்தில். காறையெலும்பில் தொடங்கும் தசைப்பகுதியை வெட்டி மடக்கும்போது, அடியில் இருப்பதைப் பாராமல் நான் வேகமாக இழுத்ததில் அந்தத் தசைக்குச் செல்லும் லேட்டரல் பெக்டோரல் நரம்பு அறுந்தது. அதன் பெயர்க்குழப்பம் எனக்குத் தெளிவானதும் அப்போதுதான். லேட்டரல் (வெளிப்பக்கம்) எனப்படும் நரம்பு உட்பக்கமாகவும், மீடியல் (உட்பக்கம்) எனப்படும் நரம்பு அடியிலுள்ள சிறிய தசையான பெக்டோராலிஸ் மைனரைத் துளைத்துக்கொண்டு சற்று வெளிப்பக்கமாகவும் வருகின்றன; பெயர்கள் அவை கிடக்கும் இடத்தைக் குறிக்கவில்லை, அக்குளில் அவை கிளைக்கும் நரம்புக் கற்றைகளைக் குறிக்கின்றன. முதலில் படிப்பவரைத் தடுமாற வைப்பதற்கென்றே சூட்டிய பெயர்கள் என்று இன்றும் தோன்றுகிறது.

வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் மார்பகத்தின் நிணநீர் வடிகால் பற்றிய கேள்வி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். சுமார் 75 விழுக்காடு அக்குள் முடிச்சுகளுக்கே செல்கிறது என்று தடையின்றிச் சொன்னேன். அக்குளில் அறுவை செய்யும்போது தோள்பட்டை எலும்பை விலாவோடு பிடித்துவைக்கும் தசைக்குச் செல்லும் லாங் தொராசிக் நரம்பு வெட்டுப்பட்டால் என்னவாகும் என்றார் தேர்வாளர்; தோள்பட்டை எலும்பு இறக்கை போலப் புடைக்கும், கையைத் தலைக்கு மேல் தூக்குவது கடினமாகும் என்றேன். பிறகு லேட்டரல் பெக்டோரல் நரம்பைக் காட்டச் சொன்னார். எங்கள் மேசையில் அதை நானே அறுத்துவிட்டதை ஒப்புக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்து மேசையைக் கைகாட்டினார். அங்கே பெக்டோராலிஸ் மைனருக்கு மேலேயுள்ள உறையைத் துளைத்துக்கொண்டு தொராகோ அக்ரோமியல் தமனி வெளிவரும் இடத்தை முதலில் தேடிப் பிடித்தேன். அதையொட்டியே நரம்பும் இருந்தது.