நான் இல்லாத வீடுகளுக்கு வரும் கடிதங்கள்

ஜூன் மாதம் ஒரு பின்னேரம் ஈஸ்ட்ஹாம் அக்கா போன் எடுத்தா. "பிள்ளை, உமக்கொரு பெரிய கடிதம் வந்து கிடக்கு. வோட்டுக் கடிதம் போல."

லண்டனில் அக்கா இருக்கும் அந்த வீட்டை விட்டு நான் ஹரோவுக்கு மாறி நாலு கிழமை. பழைய முகவரிக்கு வரும் கடிதங்களைப் புது வீட்டுக்குத் திருப்பிவிடக் காசு கட்டி ஒழுங்கு செய்திருந்தேன். வங்கிக் கடிதம், வைத்தியசாலைக் கடிதம் எல்லாம் வந்துகொண்டுதான் இருந்தன. உறையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முகப்பிலேயே இருந்தது: வேறு முகவரிக்குத் திருப்பக் கூடாது. பதிந்த முகவரிக்கு மட்டும்தான் தபால் வாக்குச்சீட்டு வரும். புது இடத்து நகரசபையில் பெயரைப் பதிந்து, தபால் வாக்குக்கும் திரும்ப விண்ணப்பித்திருக்க வேண்டும். வீடு மாறிய அலைச்சலில் நான் செய்யவில்லை. பதிவுக்குக் கடைசி நாள் 2024 ஜூன் 18. அக்கா எடுத்தது 20ஆம் திகதி.

பழைய பதிவு இன்னும் இருந்தபடியால் வாக்கு பறிபோகவில்லை. ஆனாலும் அந்தக் கடிதம் நான் இல்லாத வீட்டில் கிடக்கிறது என்பது நெஞ்சை அடைத்தது.

எங்கள் ஊரில் தபால் வாக்கு என்றால் அரசாங்க உத்தியோகம். அப்பா ஆசிரியர், தேர்தல் கடமைக்குப் போகிறவர். தேர்தலுக்கு முன்னரே ஒரு நாள் சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு போய், அத்தாட்சி அலுவலர் முன்னால் வாக்களித்துவிட்டு வருவார். தேர்தலன்று மை அம்மாவின் சுண்டுவிரலில்தான் இருக்கும். அப்பாவின் விரலில் மை பார்த்த ஞாபகம் எனக்கில்லை. இங்கே லண்டனில் தபால் வாக்குக்கு உத்தியோகமும் வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். பொதுநலவாய நாட்டவள் என்பதால் இலங்கைக் கடவுச்சீட்டோடேயே எனக்கு வாக்கு இருக்கிறது. அப்பாவைப் போல நானும் தபாலில் வாக்களிக்கப்போகிறேன் என்று அம்மாவுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

"ஏன் உவ்வளவு தூரம் வாறீர்? ஆருக்கெண்டு சொல்லும், நானே புள்ளடி போட்டு அனுப்பிவிடுறன்" என்றா அக்கா. அவ்வளவு அன்பாகச் சொன்னதால் சிரிப்புத்தான் வந்தது. பிறந்த திகதியும் கையெழுத்தும் விண்ணப்பத்தில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும், என் வாக்கை நான்தான் போட வேண்டும் என்று விளங்கப்படுத்தினேன்.

சனிக்கிழமை ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தேன். அக்கா பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தா. சாப்பிட்டு, மேசையைத் துடைத்துவிட்டு உறையைப் பிரித்தேன். அக்கா மறுபக்கம் திரும்பி, கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றா. புள்ளடி போட்ட சீட்டு 'ஏ' உறைக்குள். அந்த உறையும் கையெழுத்து வைத்த படிவமும் 'பி' உறைக்குள். முத்திரை தேவையில்லை. தெருமுனைச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு, என்னையறியாமல் சுண்டுவிரலைப் பார்த்தேன். வெறும் விரல்.

ஜூலை 4ஆம் திகதித் தேர்தலில் கிட்டவுள்ள ஸ்ராற்போட் அன்ட் போ தொகுதியில் உமா குமரன் வென்றார். பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதல் தமிழர். விடியப்புறம் அக்கா போன் எடுத்துக் கத்தின கத்தலில் எங்கள் வீடே எழும்பிவிட்டது.

அந்தக் கிழமையே ஹரோவில் பெயரைப் பதிந்தேன், தபால் வாக்குக்கும் விண்ணப்பித்தேன். இனி இதுதான் என் இடம் என்று உண்மையாகவே நினைத்தேன்.

செப்டெம்பரில் அம்மா ஒரு படம் அனுப்பினா. யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீட்டு முகவரி, என் பெயர். இலங்கை ஜனாதிபதித் தேர்தலுக்கான வாக்காளர் அட்டை.

விதானையார், அதாவது கிராம அலுவலர், வாக்காளர் பெயர்களைப் பதிய வரும்போதெல்லாம் அம்மா என் பெயரை வெட்ட விடுவதில்லையாம். நான் அங்கே போகாமல் வாக்களிக்க முடியாது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தபால் வாக்குக் கிடையாது. சட்டப்படி பார்த்தால் அம்மா செய்வது சரியில்லை, அதையும் சொன்னேன். அம்மா கணக்குக் காட்டினா. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் 2010இல் 9 ஆசனங்கள், 2015இல் 7, 2024இல் 6. பதிந்த வாக்காளர் தொகையை வைத்துத்தான் ஆசனங்களைப் பிரிக்கிறார்கள். "வீட்டுக்கு ஒரு பேரை வெட்டினா மிச்சம் என்ன இருக்கும்?"

எனக்கு 1995ஆம் ஆண்டு யுத்தகால இடப்பெயர்வு ஞாபகம் வந்தது. ஒக்டோபர் மழைக்குள் வலிகாமமே வெளிக்கிட்டு, செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த வருசம் நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. "வாக்காளர் இடாப்பிலை பேர் இருந்தது" என்று அப்பா பிறகு பல தரம் சொல்லியிருக்கிறார்.

"அட்டையை என்னம்மா செய்தனீங்கள்?"

"சாமித்தட்டிலை வச்சிருக்கிறன். அதை விடு, உன்ரை புது அட்ரஸைச் சொல்லு, கொப்பியிலை எழுத." சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதினா. "அப்ப ஈஸ்ட்ஹாமை வெட்டிவிடட்டே?"

"வெட்டாதேங்கோ அம்மா" என்றேன்.