உடைந்த கோப்பையும் எபிரேயச் செயப்பாட்டுவினையும்

எபிரேய மொழியில் இறந்தகாலச் செயப்பாட்டுவினையைக் கற்கத் தொடங்கியபோது, நம் 'படு' என்ற துணைவினையைப் போல ஒரு சொல் அங்கும் இருக்கும் என்றே எண்ணியிருந்தேன். நாம் 'உடைக்க' என்பதோடு 'பட்டது' என்பதைச் சேர்த்து 'உடைக்கப்பட்டது' என்கிறோம். எபிரேயமோ வேரின் மெய்யெழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றைத் தாங்கும் வாய்பாட்டையே மாற்றிவிடுகிறது. அம்மொழியில் 'பின்யான்' எனப்படும் ஏழு வினை வாய்பாடுகளில் புஅல், ஹுஃப்அல் ஆகிய இரண்டும் முழுக்கச் செயப்பாட்டுக்கே உரியவை.

இவ்விரண்டும் எளியவை. 'பிஷேல்' என்றால் சமைத்தான். உயிரொலிகள் மாறிப் 'புஷல்' என்றானால் சமைக்கப்பட்டது. உயிர்க்குறிகள் இல்லாத இன்றைய எழுத்துமுறையில், நடுவிலிருந்த யோத் என்னும் எழுத்து நீங்கி அவ்விடத்தில் வாவ் வருவது மட்டுமே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. அவ்வாறே 'ஹித்லிக்' (விளக்கை ஏற்றினான்) என்பது 'ஹுத்லக்' (ஏற்றப்பட்டது) ஆகிறது.

என்னை நெடுநாள் நிறுத்திவைத்தது நிஃப்அல் என்னும் வாய்பாடுதான். 'ஷவர்' என்றால் உடைத்தான். முன்னால் 'ந்' என்னும் ஒலி சேர்ந்து 'நிஷ்பர்' என்றாகும்போது, அது 'உடைந்தது' என்றும் பொருள்படும், 'உடைக்கப்பட்டது' என்றும் பொருள்படும். நம் இலக்கணத்தில் உடைந்தது, உடைத்தது என்று தன்வினையும் பிறவினையும் இணையாக நிற்பதை நினைத்துப் பார்த்த பிறகே இது எனக்குத் தெளிவாயிற்று. நிஃப்அலைச் செயப்பாட்டுவினை என்று மட்டும் மனப்பாடம் செய்வது தவறான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. 'நிஷ்அர்' (தங்கினான்) போன்ற சொற்களில் செயப்பாட்டின் சாயலே இல்லை.

காலத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 'கத்' (குடம்) ஆண்பால் ஆதலால், பேச்சில் 'ஹகத் நிஷ்பர்' என்பது நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் ஒரே ஒலியாகவே கேட்கும். 'கோஸ்' (கோப்பை) பெண்பால். அதனால் 'நிஷ்பெரெத்' என்றால் உடைகிறது, 'நிஷ்பெரா' என்றால் உடைந்தது என வேறுபாடு தெளிவாகிவிடும். உடைந்து கிடந்த கோப்பையைக் காட்டி நான் 'நிஷ்பெரெத்' என்றபோது, ஆசிரியர் அதைக் கையில் எடுத்துக்காட்டி, ஈற்றொலியை மட்டும் திருத்திச் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு வினையையும் பெண்பாற் பெயரோடு சேர்த்தே பயில்கிறேன்.

செய்தவரைக் குறிக்க 'அல் யெதேய்' என்பர். அதற்குள் 'கை' என்ற சொல் இருக்கிறது. ஆயினும் அன்றாடப் பேச்சில் அவர்கள் செயப்பாட்டைப் பெரும்பாலும் தவிர்த்து, 'ஷவ்ரு எத் ஹகோஸ்' என்று எழுவாயைச் சொல்லாமல் பன்மை வினையால் முடித்துவிடுகிறார்கள். நம் வீடுகளிலும் 'கோப்பை உடைக்கப்பட்டது' என்று யாரும் பேசுவதில்லை. 'கோப்பையை உடைச்சிட்டாங்க' என்றுதான் சொல்கிறோம்.